பேர் வெட்டிய பொருள்

நிலாவுக்குப் போகவிருந்த கருவியின் மூடியை உலகம்மை மஞ்சள் பையில் சுற்றித் தென்காசிப் பாத்திரக்கடைக்குக் கொண்டுவந்தபோது, கடைக்காரர் கோமதிநாயகம் அதை இட்லிக் கொப்பரையின் மூடி என்றுதான் நினைத்தார்.

"மூடிய மட்டும் கொண்டாந்திருக்கிய. கொப்பரை எங்கக்கா?"

"கொப்பரை ஸ்ரீஹரிகோட்டாவுல இருக்கு. அடுத்த மாசம் நிலாவுக்குப் போகுது. இதுல பேர் வெட்டணும். செ.மு.ச. எழுத்து ஆழமா விழணும்."

கோமதிநாயகம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிலாவுல யாருக்கா களவாண்டுட்டுப் போயிரப் போறா? அங்க கல்யாண வீடா நடக்கு, பாத்திரம் மாறிப் போறதுக்கு?"

"மாறிப் போகாது. ஆனாலும் யார் வீட்டுப் பொருள்னு தெரியணும்."

செ.மு. வீட்டில் பேர் வெட்டாத பொருள் கிடையாது. அப்பாவின் பாட்டனார் செல்லையா காலத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் அவருடைய சொந்த அண்டாவையே எவனோ தன்னுடையது என்று சொல்லி, அவரைக் களவாணி ஆக்கப் பார்த்தான். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் அது. அண்டா, செம்பு, பாக்குவெட்டி, குடைக்காம்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று எதையும் விட்டதில்லை. கூடவே ஒரு சட்டமும் வந்தது. நம் பேர் இல்லாத பொருளைத் தொடக்கூடாது. நம் பேர் இருக்கிற பொருளை நம்முடையதில்லை என்று ஒருநாளும் சொல்லக்கூடாது. மூன்று தலைமுறையாக அந்த வீடு இந்தச் சட்டத்தின்மேல்தான் நிமிர்ந்து நின்றது.

வழக்கத்தை நிறுத்தியவர் உலகம்மையின் அப்பா சங்கரலிங்கம், அந்த மூன்று எழுத்தில் கடைசி 'ச'. மலை மேலிருந்த வானாய்வகத்து வேலையை விட்டு இறங்கி வந்த பிறகு, வீட்டுக்கு வாங்கிய எந்தப் பாத்திரத்திலும் அவர் பேர் வெட்டச் சொல்லவில்லை. உலகம் செய்த அநியாயத்தில் மனம் வெறுத்துவிட்டார் என்று மகள் புரிந்துகொண்டாள். அறுபது வயதில் அவளே அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

மின்சார ஊசி கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. "இது அங்க போயி என்னத்தப் பார்க்கப் போகுது?"

"எங்கப்பா பார்த்த ஒரு நட்சத்திரத்த. அவர் பார்த்த அதே மாசத்த. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, பிப்ரவரி."

"போன மாசம் போனதுதானக்கா?"

"குத்தாலத்துல மலையப் பார்த்துக் கத்தினா சத்தம் திரும்பி வருதுல்லா? வெளிச்சமும் அப்படித்தான். அந்த நட்சத்திரத்துலருந்து நேரா வந்த வெளிச்சம் எண்பத்தாறுல வந்து சேர்ந்துட்டு. பின்பக்கமாப் போன வெளிச்சம் அங்க ஒரு தூசி மேகத்துல பட்டுத் திரும்பி, சுத்துவழியில வந்துக்கிட்டிருக்கு. ஐம்பத்தொரு வருசம் பிந்தி வரும். ரொம்ப மங்கல். நாலஞ்சு வருசத்து வெளிச்சம் ஒண்ணா குழம்பித்தான் வரும். அதப் பிரிச்சு, இது இந்த வாரத்துது, இது அடுத்த வாரத்துதுன்னு படிக்கத்தான் இந்தக் கருவி. எதிரொளின்னு பேர் வச்சிருக்கோம்."

"அப்படிப் பாக்க அந்த நட்சத்திரத்துல என்ன விசேசம்?"

"கிழட்டு நட்சத்திரம். நம்ம சூரியன் மாதிரி இருந்து, வயசாகி, ஊதிப் பெருத்து, சிவந்து போனது. வயித்துக்குள்ள இரும்பு கொஞ்சம் கிடக்கும். அதுமேல நியூட்ரான் ஒண்ணொண்ணா ஒட்டி, ஆயிரக்கணக்கான வருசம் வெந்து, பேரியம், லாந்தனம், சீரியம்னு ஆகும். அப்பப்ப வயித்துல உள்ளத மேல கொண்டாந்து தள்ளும். கடைசில தூசியா ஊதி விட்டுரும். மணவாளக்குறிச்சிக் கடல்மணல்ல அருமண் எடுக்காங்கல்லா? அதுல உள்ள சீரியத்துல பெரும்பங்கு இப்படிக் கிழடுதட்டின நட்சத்திரங்க கக்கினதுதான்."

"நட்சத்திரமும் சாகப் போற நேரத்துலதான் பெட்டியத் திறக்கும் போல," என்று சிரித்தார் கோமதிநாயகம்.

"அந்தக் கக்கல உலகத்துலயே முதல்ல பார்த்தது எங்கப்பா."

அவர் சிரிப்பு நின்றது. ஊசியும் நின்றது. சங்கரலிங்கம் பிற்காலத்தில் வேலை பார்த்த டுடோரியல் காலேஜில் படித்தவர் அவர். "லைட்டர் வாத்..." என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"சொல்லு. ஊரே சொன்னதுதான?" என்றாள் உலகம்மை. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "ச எழுத்துக்கு அப்புறம் புள்ளி வை."

*

லைட்டர் என்ற அந்தச் சொல் ஓர் அடிக்குறிப்பிலிருந்து வந்தது.

எண்பத்தாறு பிப்ரவரியில் சங்கரலிங்கம் ஒரு கண்ணாடி ஒளித்தகட்டைக் கொண்டுவந்து காட்டினார். அந்த நட்சத்திரத்தின் நிறமாலையில் சீரியத்தின் கோடுகள் திடீரென்று ஓங்கி எழுந்திருந்தன. நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்த உலோகம் மேலே வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பத்திரிகையில் படம் வந்தது. இரண்டு மாதத்தில் ஒரு கமிட்டி வந்தது. சிகரெட் லைட்டரின் கல்லிலும் இதே சீரியம்தான் இருக்கிறது, தொலைநோக்கிக் கூண்டுக்குள் யாரோ லைட்டர் பற்றவைத்த பொறிதான் தகட்டில் விழுந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனது. அந்த அறிக்கையை எழுதியவர் தணிகாசலம். சங்கரலிங்கத்திடமே வேலை கற்றுக்கொண்டவர்.

ஆறு வருடம் கழித்து அதே தணிகாசலம் வேறொரு கிழ நட்சத்திரத்தில் அதே கக்கலைக் கண்டுபிடித்து உலகப் பேர் வாங்கினார். அவருடைய கட்டுரையின் ஏழாம் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: "முன்பு ஒருவர் சொன்ன இத்தகைய செய்தி, தொலைநோக்கிக் கூண்டுக்குள் பற்றவைக்கப்பட்ட லைட்டரின் விளைவு."

பேர்கூடப் போடவில்லை. "ஒருவர்."

சங்கரலிங்கம் பீடி சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஊருக்கே தெரியும். இருந்தும் பையன்கள் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் தீக்குச்சி உரசுகிற சத்தம் எழுப்பினார்கள். உலகம்மைக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தம், "படிப்புல பித்தலாட்டம் பண்ணின வீடாமே" என்ற ஒரு கேள்வியில் கலைந்தது. பிறகு அவள் எந்த மாப்பிள்ளைக்கும் முன்னால் போய் நிற்கவில்லை. அப்பா எதற்கும் பதில் சொன்னதில்லை. கெட்டவனுக்கு விளக்கம் சொல்வது கேவலம் என்ற கௌரவம் அது என்று அவள் நினைத்தாள். அவர் செத்துப்போன அன்று, கொள்ளி வைத்த தம்பிக்குப் பின்னால் நின்று மனதுக்குள் சபதம் எடுத்தாள். தணிகாசலம், அந்த வரியை, தன் வாயாலேயே, நாலு பேர் முன்னால் திரும்ப எடுக்க வேண்டும். முப்பது வருடத்து உழைப்பு முழுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான். எதிரொளி அவள் கட்டிய கருவி என்றுதான் பத்திரிகைகள் எழுதின. அவளைக் கேட்டால், அது அவள் தீட்டி வைத்த அரிவாள்.

*

இரண்டாயிரத்து முப்பத்தேழில் ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, திருநெல்வேலி ஆய்வு மையத்தில், நிலாவிலிருந்து அந்த பிப்ரவரி வந்து சேர்ந்தது.

கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் மெஹராஜ் பானு திரையைப் பார்த்து எழுந்தே விட்டாள். மேலப்பாளையத்துக்காரி, பதினைந்து வருடமாக உலகம்மையோடு வேலை செய்கிறவள். "அக்கா, ஏறுது! வாரா வாரம் ஏறுது பாருங்க. சீரியம் ஏறுது. கூடவே பேரியமும் ஏறுது. அத்தா சொன்னது நெசம்க்கா!"

சங்கரலிங்கத்தை அவள் பார்த்ததில்லை. இருந்தாலும் தன் அப்பாவைச் சொல்வதுபோல அத்தா என்றுதான் சொல்வாள்.

உலகம்மை உட்காரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு தணிகாசலத்துக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். வாழ்த்தும் நலம் விசாரிப்பும் இல்லாமல், அந்த அடிக்குறிப்பைத் திரும்ப எடுக்கச் சொல்லும் கடிதம்.

மாலையில் மெஹராஜ் தயங்கித் தயங்கி வந்தாள். கையில் அந்தக் காலத்துப் பத்திரிகையில் வந்த தகட்டின் படம் இருந்தது.

"ஒண்ணு மட்டும் இடிக்குதுக்கா. எதிரொளியில சீரியமும் பேரியமும் சேந்துதான் ஏறுது. ஒரே வயித்துல வெந்த அண்ணன் தம்பிங்க, தனியா வராதுங்க. ஆனா அத்தா தகட்டுல சீரியம் மட்டும்தான் ஏறியிருக்கு, அதுவும் இதைவிடப் பல மடங்கு. பேரியம் இருந்த இடத்துலயே நிக்கு."

"பழைய தகடு. பூஞ்சை பிடிச்சிருக்கும்."

"பூஞ்சை பேரியத்த மட்டுமாக்கா தின்னும்? மத்த தகடுங்க இருந்தா ஒத்துப் பார்க்கலாம்."

"மத்ததெல்லாம் கமிட்டி எடுத்துட்டுப் போச்சு. திரும்பி வரல."

"அப்ப நம்ம கட்டுரையில ஒரு அடிக்குறிப்பா..."

"மெஹராஜ்." உலகம்மையின் குரல் உயரவில்லை. "எங்க வீட்டு விஷயத்துல இன்னொரு அடிக்குறிப்பு வேண்டாம்."

மெஹராஜ் படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கட்டுரை வெளிவந்ததும் உலகம் வேறு காரணத்துக்காக ஆடிப்போனது. போன காலத்தைத் திரும்பப் பார்க்க முடியும் என்றால் முடிந்துபோன சண்டை என்று எதுவுமே இல்லை. நாலு நாட்டு வானாய்வகங்களில் பழைய மேதைகளின் படங்களைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கிணற்றில் குதித்தார் என்று செய்தி வந்தது. மெஹராஜ் அந்தச் செய்தியைக் காட்டியபோது உலகம்மை வாசித்துவிட்டு, "பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருந்தா எதுக்குக் குதிக்கணும்?" என்றாள்.

*

தணிகாசலம் அந்த வரியைத் திரும்ப எடுப்பதற்கான கூட்டம் மலை மேலிருந்த வானாய்வகத்திலேயே நடந்தது. அரங்கத்தின் பேர் தணிகாசலம் அரங்கம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் உலகம்மை. அவர் வாசிக்க வேண்டிய வாக்கியங்களை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். பதினோரு மணிக்குக் கூட்டம். பத்தே முக்காலுக்கு, தனியாகப் பேச வேண்டும் என்று தணிகாசலம் சொல்லியனுப்பினார்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அவர் ஊன்றுகோலைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது. சலவைச் சட்டை தோளில் தொங்கியது.

"உட்காரும்மா."

"நிக்கேன். பழகிட்டு."

"அப்படியே உங்கப்பா. முதுகு வளையாது."

"வளைக்கப் பார்த்தது நீங்கதான?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு பித்தளை லைட்டர் இருந்தது. பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கிற பழைய மாதிரி. அடியில் பச்சை பூத்திருந்தது. பச்சைக்கு நடுவே மூன்று எழுத்துகள்.

செ.மு.ச.

உலகம்மைக்கு அதை நினைவிருந்தது. தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தது. மலையில் கரண்ட் போனால் பெட்ரோமாக்ஸ் ஏற்ற என்று அப்பா எடுத்துப் போனார். தொலைந்துவிட்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்.

"உங்கப்பா எல்லாருக்கும் காட்டின அந்தப் பதிமூணாவது தகடு எடுத்த மறுநாள் காலையில, நிறமாலைப் பெட்டியோட வாய் பக்கத்துல இது கெடந்தது," என்றார் தணிகாசலம். "நான்தான் எடுத்தேன். அன்னிக்கு ராத்திரி மலை மேல வானமே இல்லம்மா, ஒரே மேகம். ஆனா தகட்டுல கோடு விழுந்திருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து அவருக்குத் தொலைநோக்கி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. ரொம்ப நெருக்கிட்டாங்க அவரை."

அவள் அந்த மூன்று எழுத்தையும் விரலால் தடவினாள்.

"இதைக் கமிட்டில காட்டியிருந்தா மோசடின்னு எழுதியிருப்பாங்க. நான் காட்டல. யாரோ பத்தவெச்சதுன்னு எழுதினேன். கவனக்குறைவுன்னு முடிச்சேன். எனக்கு வேலை கத்துக் கொடுத்தவர். அதுக்கு மேல என்னம்மா செய்ய முடியும்?"

அப்பா வாய் திறக்காதது, புதுப் பாத்திரங்களில் பேர் வேண்டாம் என்றது எல்லாம் அவளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறி உட்கார்ந்தன. ஐம்பது வருடம் கௌரவம் என்று அவள் கும்பிட்டது வெட்கம். நாற்காலியைத் தேடவில்லை. விரலை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பதிமூணாவதுன்னியளே. முதல் பன்னிரண்டு?"

தணிகாசலம் ஊன்றுகோலை இடக்கைக்கு மாற்றினார்.

"எங்க கருவியில அந்த மாசம் பூரா சீரியம் ஏறுது. அப்ப அதுக்கு முன்னால அவர் எடுத்த தகட்டுலயும் இருந்திருக்கணும். மங்கலா. பேரியத்தோட சேர்ந்து. அதுங்களை என்ன பண்ணினிய?"

"அது... ரொம்ப மங்கல்மா. யாரும் நம்பியிருக்க மாட்டாங்க."

"நீங்க நம்பினியளா?"

"என் பீரோல இருக்கு," என்றார். "அதைப் பார்த்துத்தான் எங்க தேடணும், எப்படித் தேடணும்னு எனக்குப் புரிஞ்சது. ஆறு வருஷம் தேடினேன்."

உலகம்மைக்கு இப்போது முழுவதும் விளங்கியது. மோசடி என்று சொல்லியிருந்தால் விசாரணை பெரிதாகியிருக்கும். பதின்மூன்று தகடுகளையும் வெளியே எடுத்திருப்பார்கள். பன்னிரண்டு உண்மையும் வெளியே வந்திருக்கும். கவனக்குறைவு என்று மூடியதில் பீரோவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. இவர் காட்டிய இரக்கம் இவருக்கே பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறது.

"தகட்டோட ஓரத்துல ஊசியால கீறியிருக்குமே," என்றாள்.

"ஆமா. பன்னெண்டுலயும் இருக்கு. செ.மு.ச." கிழவர் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தார். "பதிமூணாவதுல மட்டும் கீறல."

அந்த ஒரு வார்த்தையில்தான் அவளுடைய கண் கலங்கியது. உடனே துடைத்தும் விட்டாள்.

"இதை நீயே வெச்சுக்கோம்மா," என்று லைட்டரை நகர்த்தினார். "நீ எழுதிக் கொடுத்ததை நான் அப்படியே படிச்சிடறேன். அடிக்குறிப்பு தப்பு, முதல்ல பார்த்தது சங்கரலிங்கம்தான்னு சொல்லிடறேன். பன்னெண்டு தகட்டைப் பத்தி நீ பேசாதே. லைட்டரைப் பத்தி நான் பேசல. ரெண்டு வீட்டு மானமும் மிஞ்சும். எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

வெளியே ஒலிபெருக்கி அவர் பேரைச் சொல்லி அழைத்தது. உலகம்மை லைட்டரை எடுத்துக்கொண்டாள். கைக்குட்டையை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"நான் முதல்ல பேசுதேன்," என்றாள்.

*

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மெஹராஜும், அவளுக்குப் பக்கத்தில் சலவை வேட்டியில் கோமதிநாயகமும் இருந்தார்கள். லைட்டர் வாத்தியாருக்கு நீதி கிடைப்பதைப் பார்க்கத் தென்காசியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் தீக்குச்சிச் சத்தம் எழுப்பியவர்களும் அதில் உண்டு.

உலகம்மை லைட்டரை மேசைக் கேமராவின் கீழே கவிழ்த்து வைத்தாள். பச்சை பூத்த பித்தளையும் மூன்று எழுத்தும் சுவரளவு எழுந்தன, மேலே பொறித்திருந்த தணிகாசலத்தின் பேருக்குச் சரியாகக் கீழே.

"இது எங்க வீட்டுப் பொருள். பேர் வெட்டியிருக்கு, பாருங்க," என்றாள். "எங்கப்பா பேர். பதிமூணாவது தகடு எடுத்த அன்னைக்கு வானம் மூடிக் கிடந்தது. இந்த லைட்டரத் தட்டி அந்தப் பொறியத் தகட்டுல விழ வச்சது அவர்தான். நட்சத்திரம் நெசம். அந்தத் தகடு பொய். அதுல அவர் பேர் கீறல. கீறலேன்னாலும் அதுவும் எங்க வீட்டுதுதான். நான் மறுக்கல. எங்க கட்டுரையத் திருத்தி அதையும் எழுதுவோம். அடிக்குறிப்பா இல்ல, முதல் பத்தியில."

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். மெஹராஜ் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொரு வருடமாகக் காத்த வீட்டு மானத்தை வீட்டுக்காரியே நடு அரங்கத்தில் கவிழ்த்து ஊற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உலகம்மை கட்டைவிரலால் சக்கரத்தைச் சுழற்றினாள். பெட்ரோல் எப்போதோ வற்றிப்போயிருந்தது. கல் மட்டும் உயிரோடிருந்தது. ஒரே ஒரு பொறி தெறித்து அணைந்தது. அதிலிருந்த சீரியமும் ஏதோ ஒரு கிழட்டு நட்சத்திரத்தின் வயிற்றில், யாரும் பார்க்காத காலத்தில் வெந்ததுதான்.

பிறகு மேடையின் ஓரத்துக்குத் திரும்பினாள். தணிகாசலம் அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தார். அவள் அருகில் போய் அந்தக் காகிதத்தைக் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள்.

"இது இனிமே வேண்டாம், ஐயா," என்றாள். "உங்க பீரோல பன்னிரண்டு தகடு இருக்குல்லா? அதோட ஓரத்துல யார் பேர் கீறியிருக்குன்னு மட்டும் இவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேராகத் தாழ்த்தி வைத்துவிட்டு, பக்கத்திலேயே, முதுகு வளையாமல் நின்றாள்.